முந்நூற்றுப் பன்னிரண்டாவது படி

பொலோன்யாவில் படித்துக்கொண்டிருக்கும் யாரும் அசினெல்லி கோபுரத்தில் ஏற மாட்டார்கள். ஏறினால் பட்டம் கிடைக்காது. இதை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்காதீர்கள், எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கடவுளே கிடையாது என்று சதுக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற மாணவன்கூட, கோபுர வாசல் வந்ததும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். கேட்டால் சிரிப்பான். எதற்கு வம்பு, அவ்வளவுதான்.

அந்தக் கோபுரத்தின் அடியில்தான் மிர்னா இருபத்தேழு வருஷமாக நுழைவுச்சீட்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாளும் ஏறியதில்லை. இருபத்து நாலு வயதில், இரண்டு தேர்வும் ஆய்வேடும் மட்டும் பாக்கி இருந்த நேரத்தில், சீட்டுக் கூண்டில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. "ஒரு மாசம்தான்" என்று சொல்லி அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்த ஒரு மாசம் முடியவே இல்லை. ஆனாலும் தன் கணக்கில் அவள் படிப்பை விடவில்லை, பாக்கி வைத்திருந்தாள். படிப்பு பாக்கி இருக்கிறவள் எப்படி ஏறுவாள்?

"மிட்டாய்க் கடையில வேலை, உடம்புல சர்க்கரை வியாதி. அக்கா கதை அப்படித்தான்" என்று எதிரே காப்பிக்கடை வைத்திருக்கும் நேரியோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான். அவள் காதில் விழும்படியாகவே சொல்லுவான்.

கூண்டுக்கு நாலு பக்கமும் கண்ணாடி. பின்னால் படிக்கட்டு ஆரம்பிக்கிறது. மிர்னா தன் நாற்காலியைப் படிக்கட்டுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டாள். பார்த்தால்தானே ஆசை.

அவள் கணவன் அடெல்மோ மண்டபங்களுக்கு வர்ணம் பூசுகிறவன். எங்கள் ஊர்த் தெருக்களில் நடைபாதைக்கு மேலே வளைவு வளைவாக மண்டபம் போகும், மழைக்காலத்தில் குடையே வேண்டாம். அந்தத் தூண்களுக்குக் காவியும் சிவப்புமாகப் பூசுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஐந்து படி ஏணிக்கு மேல் ஏற மாட்டான். வளைவின் உச்சிக்குக் கூலிக்கு ஆள் வைப்பான். யாராவது கிண்டல் செய்தால் நெஞ்சை நிமிர்த்துவான்.

"போங்கய்யா. நான் கோபுரத்துலயே நாப்பது தடவை ஏறினவன். ஏணி எனக்கு எம்மாத்திரம்?"

அது ஊருக்கே தெரிந்த கதைதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் எதிர் மண்டபத்துக்கு வர்ணம் பூச வந்தவன், நாற்பது நாள், தினமும் மிர்னாவிடம் ஒரு சீட்டு வாங்கினான். உள்ளே போவான். முக்கால் மணி கழித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவான். கூண்டின் முன் நின்று, "என்ன காட்சி! அப்பப்பா, என்ன காட்சி!" என்பான். ஒரு நாளைக்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படி. தனக்காக ஒருத்தன் இப்படி ஏறி இறங்கினால் எந்தப் பெண் மனசுதான் கரையாது? நாற்பத்தோராம் நாள் மிர்னாவே கேட்டாள், "அப்படி என்னதான் தெரியுது மேல?" அடுத்த வருஷம் கல்யாணம்.

ஐம்பது வயதுக்குள் பாக்கித் தேர்வு இரண்டையும் எழுதித் தேறினாள். ஆய்வேடு எதைப் பற்றி என்றால், இந்தக் கோபுரத்துப் படிக்கட்டைப் பற்றித்தான். எந்தத் தளத்தில் எத்தனை படி, எந்த வருஷம் எந்த மரத்தில் மராமத்து, யார் எங்கே விழுந்து காலை உடைத்துக்கொண்டார், எல்லாம் பழைய குறிப்பேடுகளில் தோண்டி எடுத்து இருநூறு பக்கம். ஒரு படியிலும் கால் வைக்காமல் எழுதினாள். ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணிக்கு, தேர்வுக்குழு முன்னால் அவள் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு, கருநீலக் கவுன் போட்டுக்கொண்டு நேரியோவின் கடையில் இரண்டாவது காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள். செருப்புத் தைக்கக் கொடுத்த இடத்திலிருந்து அவள் புதுக் காலணியை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போன அடெல்மோவைக் காணோம். அப்போது கூண்டில் அவளுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த ஜில்டா, கூண்டைத் திறந்துபோட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, மேல இருந்து காவலர் போன் பண்ணினாரு. உங்க வீட்டுக்காரரு படியில மாட்டிக்கிட்டாரு!"

"எங்க வீட்டுக்காரரா? அவர் செருப்பு வாங்கப் போயிருக்கார்."

"செருப்பும் கையில இருக்காம். கக்கத்துல ஒரு பெட்ஷீட்டாம். நான் குனிஞ்சு சில்லறை எடுக்கறப்ப உள்ள நழுவிட்டாரு போல. மேலயும் போக மாட்டேங்கறாரு, கீழயும் வர மாட்டேங்கறாரு. செவத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாராம். மேல ஒரு ஜெர்மன் கூட்டம் இறங்க வழியில்லாம நிக்குது, அவங்க பஸ்ஸு பத்து மணிக்காம்."

"எந்த இடத்துல?"

"பெரிய ஜன்னலுக்கு அடுத்த திருப்பம், அதுக்கு மேல நாலு படின்னாரு."

"முந்நூத்திப் பன்னெண்டு" என்றாள் மிர்னா, யோசிக்காமலே. ஆய்வேட்டில் எழுபத்தோராம் பக்கம்.

மூவரும் கோபுர வாசலுக்கு ஓடினார்கள். ஜில்டா போனில் மேலே பேசினாள், மேலிருந்த காவலர் நூற்றுச் சொச்சம் படி இறங்கிப் போய் அடெல்மோவிடம் கேட்டுவிட்டுத் திரும்ப ஏறி மூச்சிரைக்கப் பதில் சொன்னார். பதில் இதுதான்: மிர்னா ஏறவே கூடாது. ஏறினால் இருபத்தேழு வருஷமும் பாழ். அவள் போய்ப் பட்டம் வாங்கி வரட்டும், அதுவரை நான் இங்கேயே நிற்கிறேன். மொர்த்தடெல்லா இறைச்சி வைத்து இரண்டு ரொட்டி மட்டும் அனுப்பினால் போதும்.

"அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றான் நேரியோ.

"என்ன நியாயம்? அவர் ஒரு மணிக்கு மேல பசி தாங்க மாட்டார். தீயணைப்புக்குச் சொல்லுவோமா?"

"சொல்லுங்க. நாளைக்குப் பேப்பர்ல படத்தோட வரும். நாப்பது தடவை ஏறின மனுஷன், நாப்பத்தோராம் தடவை ஏணி வச்சு இறக்கினாங்கன்னு. அதுக்கப்புறம் அவரு தெருவுல நடப்பாரா?"

நேரியோ குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒண்ணு யோசிச்சேன். உச்சிக்குப் போனாத்தானே ஏறினதா அர்த்தம்? முந்நூத்திப் பன்னெண்டு பாதி வழிதானே?"

"அதெல்லாம் கிடையாது" என்றாள் ஜில்டா. "எங்க சித்தப்பா மகன் முதல் படியில நின்னு செருப்பு வாரைக் கட்டினான். இன்னிக்கு வரைக்கும் வாங்கலை பட்டம்."

"உங்க சித்தப்பா மகன் புஸ்தகத்தையே தொடலையேம்மா!"

மிர்னா இருவரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. படிக்கட்டின் முன் போய் நின்றாள். இத்தனை வருஷம் முதுகு காட்டிய படிக்கட்டு. கைப்பிடியைத் தொட்டாள், விட்டாள். பயம்தான், வேறென்ன. படித்தவள், ஐம்பத்தோரு வயதுக்காரி, இந்த மூடநம்பிக்கை பதினேழாம் நூற்றாண்டில் இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று அடிக்குறிப்பே எழுதியவள். இருந்தும் கால் எழவில்லை. அப்புறம், மேலே அந்தத் தடியன் சுவரோடு சுவராக வியர்த்து நிற்பான் என்று நினைத்தாள். நினைத்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கால் தானாக நடக்கும்.

ஏறினாள்.

மரப்படிகள் குறுகல். எதிரே ஒருத்தர் வந்தால் இன்னொருத்தர் மூச்சை உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும். கோபுரச் சுவரை ஒட்டியே படிகள் சுற்றிச் சுற்றிப் போக, நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. தளம் வந்ததும் எண்ணிக்கை சரியாக இருக்கும். நூற்று நாற்பது, சரி. இருநூற்று ஐந்து, சரி. தன் ஆய்வேட்டுக்குள்ளேயே நடப்பது போலிருந்தது அவளுக்கு. மூச்சு வாங்கியது, ஆனால் உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கப்பட்டாள்.

ஜில்டா சொன்ன இடத்தில்தான் அடெல்மோ நின்றான். கன்னத்தைச் செங்கல்லில் ஒட்டி, கண்ணை இறுக மூடி, கக்கத்தில் மடித்த பெட்ஷீட், ஒரு கையில் அவள் காலணி. அவனுக்கு மேலே வரிசையாகப் பதினைந்து ஜெர்மன்காரர்கள், கோயில் வரிசையில் நிற்பது போலப் பொறுமையாக நின்றார்கள்.

"வராதேன்னு சொன்னேனே!" என்று கண்ணைத் திறக்காமலே அலறினான். "எல்லாம் போச்சு! உன் பட்டத்தை நானே தின்னுட்டேன்!"

"பட்டம் கிடக்கட்டும். முதல்ல மூச்சு விடு. நாப்பது தடவை ஏறின ஆளு, இங்க வந்து எதுக்கு இப்படி நிக்கறே?"

"அப்ப... அப்ப வயசு இருந்துச்சு."

"பெட்ஷீட் எதுக்கு?"

அவன் கக்கத்தை இறுக்கிக்கொண்டான். அவள் அதன் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். மண்டபத்துக் காவி வர்ணத்தில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம்: டாக்டர் மிர்னா. எங்கள் ஊரில் பட்டம் வாங்கினவர் எல்லாரும் டாக்டர்தான், ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை.

"நீ வெளிய வரும்போது நிமிர்ந்து பார்த்தா உச்சியில தொங்கணும்னு நெனச்சேன்" என்றான் அடெல்மோ, சுவரிடம்.

மிர்னாவுக்குத் திட்ட வேண்டியது நிறைய இருந்தது. பெட்ஷீட்டை மறுபடி மடித்து அவன் கக்கத்தில் செருகினாள். இந்த மனுஷனை இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று அந்த இடத்தில் நின்று நினைத்துக்கொண்டாள். பிறகு அவன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்தாள்.

"நான் முன்னாடி இறங்கறேன். நீ என் பின்னங்கழுத்தை மட்டும் பாரு. வேற எங்கயும் பார்க்காதே."

"அது எனக்குப் பழக்கம்தான்" என்று அவன் முணுமுணுத்தான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை, படிகளையும் திரும்பித் திரும்பி அவன் காலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடெல்மோ ஒவ்வொரு படியிலும் சுவரை உரசியபடியே காலை வைத்தான். அவன் கால் வைத்த இடமெல்லாம் மரம் குழிந்திருந்தது. கைப்பிடிப் பக்கம் கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது.

இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பின்னால் ஜெர்மன்காரர்கள் ஏதோ மெல்லப் பாடிக்கொண்டு வந்தார்கள். கீழே கூண்டு தெரியும் இடம் வந்ததும் அடெல்மோ முதல் தடவையாகத் தைரியமாக மூச்சு விட்டான்.

"இங்க கொஞ்சம் உட்காரலாம் மிர்னா. இது நல்ல படி."

"மணி என்னன்னு தெரியுமா? எந்திரி!"

பதினொன்று இருபத்தாறுக்கு, செங்கல் தூசி படிந்த கவுனோடு, பல்கலைக்கழகத் தெருவில் அவள் ஓடினாள்.

தேர்வுக்குழுவில் ஏழு பேர். தலைவர் பேராசிரியை தம்புரீனி, மூக்கு நுனியில் கண்ணாடி, குரலில் ஒரு கறார். பதினைந்து நிமிஷம் எல்லாம் நன்றாகவே போயிற்று. அப்புறம் அவர் ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"தொண்ணூத்தி மூணாம் பக்கம். படிகள் கைப்பிடிப் பக்கமாத் தேஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. எதை வச்சு?"

பழைய மராமத்துக் குறிப்பேடு என்று சொன்னால் போதும். எழுதியதும் அதை வைத்துத்தான். குறிப்பேட்டின் வருஷமும் அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். வேறு எதைச் சொன்னாலும், காலையில் ஏறினேன் என்று இந்த ஏழு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு பேரும் இதே ஊரில் படித்தவர்கள்.

"ஒரு குறிப்பேட்டை வச்சு எழுதினேன் அம்மா" என்றாள். "அது தப்பு. படி செவத்துப் பக்கம்தான் தேஞ்சிருக்கு. பயந்தவங்க கைப்பிடியை நம்ப மாட்டாங்க, செவத்தைத்தான் கட்டிப்பிடிப்பாங்க. முந்நூறு வருஷமா ஏறினவங்கள்ல முக்கால்வாசிப் பேரு பயந்துக்கிட்டேதான் ஏறியிருக்காங்க."

"இது எப்படித் தெரியும்?"

"இன்னிக்குக் காலையில பார்த்தேன்."

ஓரத்தில் இருந்த ஒரு வயதான பேராசிரியர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி ஏறினீங்களா?" தம்புரீனியின் குரலில் இருந்த கறார் காணாமல் போயிருந்தது. "எது வரைக்கும்?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்கள்.

வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. வெளியே மண்டபத்தில் அடெல்மோ தூணில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து குரல்கள் உயர்ந்தன. யாரோ மேஜையைத் தட்டினார்கள்.

"என்னாலதான். என் கொழுப்பாலதான்."

"ஆமா, உன்னாலதான்" என்றாள் மிர்னா. அவன் விரல்களில் இன்னும் காவி ஒட்டியிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். "போனா போகட்டும். நான் ஏறாம இருந்திருந்தா, நீ செவத்துல நிக்க, நான் அங்க நின்னு என்னத்தைப் பதில் சொல்லியிருப்பேன்?" அழுதாள், அதை மறைக்கவும் இல்லை.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. தம்புரீனி நின்றுகொண்டே பேசினார்.

"உங்க ஆய்வேட்டைப் பத்தி ரெண்டு நிமிஷம்தான் பேசினோம். அதுல யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மிச்சம் இருபத்திமூணு நிமிஷமும், முந்நூத்திப் பன்னெண்டு படி ஏறினா ஏறினதா ஆகுமான்னுதான் சண்டை. ஆகும்னு மூணு பேரு. ஆகாதுன்னு நாலு பேரு." அந்த வயதான பேராசிரியர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "மார்க் நூத்திப் பத்துக்கு நூத்தி நாலு. ஒரே ஒரு நிபந்தனை. தொண்ணூத்தி மூணாம் பக்கத்தைத் திருத்தணும், மிச்சம் நூத்தி எண்பத்தாறு படியையும் நேர்ல பார்த்துட்டு. வாழ்த்துகள், டாக்டர்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் ஊர் வழக்கம். நேரியோ அவள் தலையில் புன்னை இலை போலப் பளபளக்கும் லாரல் மாலையை மாட்டினான். யாரோ நாலு மாணவர்கள், முன்பின் தெரியாதவர்கள், பட்டம் வாங்கியவர்களைப் பார்த்துப் பாடுகிற அந்த ஆபாசப் பாட்டைப் பாடினார்கள். மிர்னா அதை வரி விடாமல் கூடவே பாடியதைக் கேட்டு ஜில்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, மாலையும் தலையுமாக மிர்னா கூண்டின் முன் நின்று இரண்டு சீட்டு வாங்கினாள்.

"ரெண்டா?" என்றான் அடெல்மோ. முகம் வெளுத்தது.

"நீ வேண்டாம்னா கீழ இரு."

"யாரு வேண்டாம்னா? உன் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கிட்டே வர்றேன்."

ஒவ்வொரு தளத்திலும் நின்றார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டில் மிர்னா சுவரை ஒரு தட்டுத் தட்டினாள். அதற்கப்புறம் வந்த படி ஒவ்வொன்றும் அவளுக்குப் புதுசு. கடைசித் திருப்பத்தில் காற்று முகத்தில் அடித்தது, அப்படியே வெளியே வந்துவிட்டார்கள். ஊர் மொத்தமும் சிவப்பாகக் கீழே கிடந்தது. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தா கோபுரத்தின் தலையைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இதற்குத்தான் இத்தனை வருஷம் சீட்டுக் கிழித்துக் கொடுத்தேனா என்று நினைத்தாள். கண் நிறைந்தது.

மேல்தளக் காவலர் கையை நீட்டினார். மிர்னா சீட்டுகளைக் கொடுத்தாள். அவர் இடுப்பில் தொங்கிய கருவியை எடுத்து ஒவ்வொன்றிலும் டக் டக்கென்று ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏன் சார் ஓட்டை போடறீங்க?" என்று அடெல்மோ கேட்டான், சுவரைப் பிடித்தபடியே.

காவலர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "மேல வந்தவங்க எல்லாருக்கும் போடறதுதானே அண்ணே. நாப்பது வருஷமாப் போடறோம்."

மிர்னா மெதுவாகத் திரும்பினாள். நாற்பது வருஷம். நாற்பது சீட்டு. அடெல்மோ தொலைவில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தான்.

"நம்ம சமையலறை ஜன்னல் தெரியும்னு சொல்லுவியே. எங்க?"

"அங்க... அந்தக் கோயில் கூரை மறைக்குது. வளர்ந்துடுச்சு போல."

"அடெல்மோ."

அவன் சுவரை விட்டான். இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு தடவைகூட ஏறினதில்லை" என்றான்.

"பயமா?"

"பயம் பாதி. நீ பாதி. நீ ஏறாத கோபுரத்துல எனக்கு என்ன வேலை?"

"நாப்பது நாளும் முக்கால் மணி நேரம் உள்ள என்ன பண்ணினே?"

"பதினோராவது படியில உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தா கூண்டுக் கண்ணாடி வழியா உன் முதுகு தெரியும். கொண்டை தெரியும், பின்னங்கழுத்து தெரியும். நீ சீட்டுக் கிழிக்கறப்ப தோள் அசையறது தெரியும்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "நான் உன்கிட்ட பொய் சொல்லலை மிர்னா. என்ன காட்சின்னுதானே சொன்னேன்."